ஒரே பெரிய உள்ளாட்சி மன்றமா, ஊருக்கு ஒன்றா?

சிலாங்கூரில் பந்திங் பக்கம் செம்பனைத் தோட்டங்கள் தாமான்களாக, அதாவது வீடமைப்புப் பகுதிகளாக, மாற மாற, நம்மையும் கோலாலம்பூரோடு ஒரே மன்றமாக்கினால் என்ன என்று டீக்கடையில் பேச்சு.

செலவு: பெரியதில் குப்பை லாரியைப் பொதுவில் வாங்கலாம். சின்னதில் வரி வரவு குறைவு.

வெள்ளம்: கிள்ளான் ஆறு கோலாலம்பூர், ஷா ஆலாம், கிள்ளான் என்று ஓடுகிறது, ஆளுக்கொரு மன்றம் தனித்தனியாகப் பார்த்தால் எப்படிச் சரிவரும்? பெரியதுதான் கெட்டி.

புகார்: லோங்காங் (சாக்கடை) அடைத்தால் சின்ன மன்றத்துக்கு மோட்டாரிலேயே போய்விடலாம்.

தேர்தல்: இரண்டிலும் இல்லை, 1965இல் நிறுத்தியது இன்னும் திரும்பவில்லை.

அப்புறம், கோலாலம்பூர் 1974 முதல் மத்திய அரசின் கீழ் உள்ள கூட்டரசுப் பிரதேசம், நாம் சிலாங்கூர் மாநிலம், சேர்ப்பது லேசில்லை.

ஆறு, ரயில், பஸ்ஸுக்குப் பெரியது. தெருவிளக்கு, சந்தைக்குச் சின்னது. தோட்டத்து ஆட்களுக்கு என் ஓட்டு சின்னதற்கே, ஓட்டு என்று ஒன்று இருந்தால்.