மூச்சை எண்ணுவதா, வைக்கோல் உருளைக்கு முன் நிற்பதா?

ஜப்பானிய வில்வித்தையான கியூடோவில் பலரையும் வாட்டும் குறை ‘ஹாயாகே’. நாண் முழுதாக இழுபடும் முன்பே கை அம்பை விட்டுவிடும். இதற்கு இரண்டு பயிற்சிகளைச் சொல்வார்கள்.

ஒன்று ஜாஜென், அதாவது ஜென் பௌத்தத்தின் அமர்ந்த தியானம். தடித்த மெத்தையில் அமர்ந்து, இரண்டு முழங்காலும் தரையில் பதிய, பாதி திறந்த கண்களோடு மூச்சை 1 முதல் 10 வரை எண்ணுவது. எண்ணிக்கை தவறினால் மறுபடி 1. முழங்கால் தூக்கி நின்றால் இடுப்பு பின்னால் சரிந்து முதுகு கூனும், பிறகு தூக்கம்தான். உங்களை அறியாமல் 14 வரை எண்ணியிருந்தால் மனம் எப்போதோ வெளியேறிவிட்டது என்று பொருள். மனம் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்வதே வாள்வீரனின் நோய் என்று 17-ஆம் நூற்றாண்டில் ஜென் துறவி தகுவான், வாள் ஆசான் யாக்யூ முனெனோரிக்கு எழுதினார். அந்த ஒட்டுதலை இப்பயிற்சி காட்டிக்கொடுக்கும்.

மற்றொன்று மகிவாரா, இறுக்கிக் கட்டிய வைக்கோல் உருளை. ஏறக்குறைய 2 மீட்டரில் நிற்பதால் படுமா படாதா என்ற கவலையே இல்லை. 28 மீட்டரில் உள்ள 36 செ.மீ. இலக்குதானே அவசரத்தைக் கிளப்புகிறது! உருளையின் நடுவை அம்பின் உயரத்துக்குச் சரிசெய்யுங்கள். ஓரத்தில் பட்டால் அம்பு திரும்பித் தெறிக்கலாம்.

ஹாயாகேவுக்கு எங்கள் தேர்வு மகிவாராதான். இலகுவான வில்லை முழுதாக இழுத்து, 5 விநாடி தாங்கி, அம்பை விடாமலே மெல்ல இறக்குங்கள். விரல்களில் ஊறிய பழக்கத்தை விரல்களில்தான் மாற்ற முடியும்.