புகைப்படங்களுக்கு எது: சுழலும் ஹார்டு டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா?

மடிக்கணினியில் இடம் தீர்ந்துபோன புகைப்படக்காரர் வெளிப்புறச் சேமிப்பகம் வாங்கும்போது, படங்களைப் பத்திரப்படுத்துவதும் அவற்றைத் திருத்துவதும் வெவ்வேறு வேலைகள் என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கையடக்க ஹார்டு டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுழல்பவை. வினாடிக்கு ஏறத்தாழ 100 முதல் 140 மெகாபைட் வரை படிக்கக்கூடியவை. ஒரே பெரிய கோப்பை நகலெடுக்க அது போதும். ஆனால் லைட்ரூம் கிளாசிக் போன்ற படத்திருத்த மென்பொருள், படங்களின் விவரங்களைப் பதிந்துவைக்கும் கேட்டலாக்கையும் ஆயிரக்கணக்கான சிறு முன்னோட்டக் கோப்புகளையும் இடைவிடாமல் தேடிக்கொண்டே இருப்பதால், படிக்கும் முனை ஒவ்வொரு முறையும் தட்டின் வேறோர் இடத்துக்கு நகர வேண்டியிருக்கிறது. திருமணப் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப் பார்க்கையில் படம் சற்றுநேரம் மங்கலாக நின்று பிறகே தெளிவது இதனால்தான். நினைவகச் சில்லுகளில் தரவைச் சேமிக்கும், நகரும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி.யில் இந்தக் காத்திருப்பு அநேகமாக இல்லை. கீழே விழுந்தாலும் அது பெரும்பாலும் தப்பிவிடும். சுழன்றுகொண்டிருக்கும் ஹார்டு டிஸ்க்குக்கு அந்த உறுதி கிடையாது. பழைய யூ.எஸ்.பி. 2.0 கேபிளில் இணைத்தால் மட்டும் எஸ்.எஸ்.டி.யின் வேகத்தில் பெரும்பகுதி வீணாகும்.

விலையில் ஹார்டு டிஸ்க்கே மலிவு. மின்சாரமின்றிப் பல ஆண்டுகள் அலமாரியில் கிடக்கப்போகும் பிரதிக்கும் அதையே பரிந்துரைப்பேன், ஏனெனில் எஸ்.எஸ்.டி.யின் நினைவகச் சில்லுகள் நாளடைவில் மின்னூட்டத்தை இழக்கக்கூடும்.

ஆகவே நடப்பு வேலைக்கு 1 டெராபைட் எஸ்.எஸ்.டி.யும், முடிந்த படங்களுக்கு இரண்டு ஹார்டு டிஸ்க்குகளும் வாங்குங்கள். அவற்றில் ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள்.