கல் தெறித்த புள்ளிக்கு எந்த வைத்தியம்: நகப்பூச்சா, டச்-அப் போத்தலா, ஸ்பிறே ரின்னா, கராஜா?

புதுக்குடியிருப்பு தாண்டி முல்லைத்தீவுப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் கிரவல் குவித்த டிப்பர் ஒன்று, மேலே படங்கு இல்லை. எதிரே பஸ் வந்ததால் விலத்தவும் இடமில்லை. "டிக்" என்று ஒரு சத்தம். முன் கண்ணாடி தப்பிவிட்டது என்ற நிம்மதியில் அதை மறந்துவிட்டேன். பின்னேரம் வீட்டு முற்றத்தில் பார்த்தால் பொனற்றின் முன் விளிம்பில் உளுந்தளவு பெயின்ற் பறந்து, நடுவில் இரும்பு மினுங்குகிறது.

கண்ணூறுக்குத் தேசிக்காயும் செத்தல் மிளகாயும் கட்டி ஓடுகிற நாங்கள் கல்லடியை மட்டும் கணக்கெடுப்பதில்லை. ஆனால் இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. திறந்த பிறகும் வரியைக் கூட்டிப் பார்த்தால் புதுக் கார் எங்களில் பலருக்கு எட்டாக் கனி. ஆகவே இருக்கிற தகரத்தைக் காப்பாற்றித்தான் ஓட வேண்டும்.

இந்தப் புள்ளிக்கு நாலு பேரிடம் கேட்டால் நாலு வைத்தியம் சொல்வார்கள். மனைவியின் நகப்பூச்சைத் தொட்டு வை என்பார் ஒருவர். நிறம் கலந்த டச்-அப் போத்தல் வாங்கு என்பார் இன்னொருவர். ஹார்ட்வெயாரில் ஒரு ஸ்பிறே ரின் எடுத்தால் பத்து நிமிட வேலை என்பார் மூன்றாமவர். கராஜ்காரரோ பொனற் முழுக்க அடித்தால்தான் சரிவரும் என்பார். நாலையும் ஏதோ ஒரு காலத்தில் நானே செய்து பார்த்திருக்கிறேன். ஒன்றில் நன்றாகச் சூடுபட்டும் இருக்கிறேன்.

இந்த மண்ணில் அவசரம் எதற்கென்றால், கறளுக்கு வேண்டியது இரும்பும் ஈரமும் காற்றும்தான். உப்புச் சேர்ந்தால் அந்த ஈரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அரிப்பும் வேகமெடுக்கும். ஆனையிறவைக் கடந்து யாழ்ப்பாணம் போய் வருகிறவர்களின் காரிலும், வட்டுவாகல் பாலத்தால் தினமும் ஓடுகிறவர்களின் காரிலும் உப்பு சும்மாவே படிகிறது. போதாததற்கு வீட்டில் சவர்த் தண்ணீர்க் கிணறு. அந்தத் தண்ணீரால் கழுவி வெயிலில் காயவிட்டால், காரின் மேல் வெள்ளைத் திட்டாய் மிஞ்சுவதில் உப்பும் உண்டு. அத்தோடு, கறள் தான் தின்ற இரும்பை விடக் கூடுதல் இடம் பிடிக்கும். அதனால் புள்ளியின் ஓரத்துப் பெயின்ற்றை உள்ளிருந்து கிளப்பி, அடியில் புது இரும்பைத் தேடிப் போய்க்கொண்டே இருக்கும். வெளியே உளுந்தளவு தெரிகிறபோது உள்ளே ஐந்து ரூபாய்க் குற்றியளவு போயிருக்கலாம். சோளகக் காற்றடிக்கும் மாதங்களில் சும்மா கிடந்த புள்ளி, ஐப்பசி மழை இரண்டு கண்டதும் வெள்ளைக் காரில் வெற்றிலைச் சாறு வடிந்த மாதிரிக் கோடு இழுக்கும்.

எந்த வைத்தியத்துக்கும் முதல் புள்ளியின் ஆழத்தைப் பார்க்க வேண்டும். தொழிற்சாலைப் பெயின்ற் எல்லா அடுக்கும் சேர்ந்தே ஒரு மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு, மிஞ்சினால் அதற்குச் சற்று மேலே. மேலே கிளியர் என்கிற நிறமில்லாத பளபளப்புப் பூச்சு, கீழே நிறம், அதற்குக் கீழே பிரைமர் என்கிற அடிப்பூச்சு, எல்லாவற்றுக்கும் அடியில் மின்முறையால் இரும்போடு ஒட்டவைத்த ஒரு படை. நிறம் மட்டும் போய்ச் சாம்பல் பூச்சுத் தெரிந்தால் ஆறுதலாகச் செய்யலாம். இரும்பு மினுங்கினால் அந்தக் கிழமைக்குள்ளேயே கை வைக்க வேண்டும். பம்பரில் விழுந்த புள்ளி என்றால் விட்டுவிடுங்கள், பிளாஸ்ரிக் கறள் பிடிக்காது. பழைய ஸ்பீக்கர்க் காந்தம் ஒன்று கையில் இருந்தால் நல்லது. பிரியஸ் இரண்டாம், மூன்றாம் தலைமுறைக் கார்களின் பொனற் அலுமினியம், அதில் காந்தம் ஒட்டாது, செங்கறளும் வராது.

நகப்பூச்சை எல்லோரும் சிரித்துத் தள்ளுவார்கள். உண்மையில் அது கார்ப் பெயின்ற்றின் சின்னம்மா மகள். 1920களில் அமெரிக்கக் கார்களுக்கு அடிக்கத் தொடங்கிய டூகோவும் இந்த நகப்பூச்சும் ஒரே நைற்றோசெலுலோஸ் வழி வந்தவை. ஆனால் நகத்தில் ஒரு கிழமை நின்றால் போதும் என்று செய்த சாமான், வன்னி வெயிலில் கொதிக்கிற பொனற்றில் எத்தனை நாள் நிற்கும்? காய்ந்து, வெடித்து, அந்த வெடிப்புக்குள் ஈரம் பிடித்து வைத்திருக்கும்.  நிறமில்லாத நகப்பூச்சை, நன்றாகக் கழுவித் துடைத்துக் காய்ந்த புள்ளியில், சரியான சாமான் வரும்வரை பத்து நாளுக்கு ஒரு மூடியாக வைப்பதென்றால் நான் எதிர்க்க மாட்டேன். அதற்கு மேல் அதை நம்புவது பிழை.

ஸ்பிறே ரின்னில் வேலை சுருக்கு என்பதுதான் கவர்ச்சி. ஆனால் உளுந்தளவு புள்ளிக்குத் தட்டளவு பெயின்ற் அடிக்க வேண்டி வரும். சுற்றவரக் கடதாசி ஒட்டி மறைத்தாலும், கடதாசி எடுத்த இடத்தில் ஒரு படி நிற்கும். சும்மா "வெள்ளை" என்று எழுதிய ரின்னுக்கும் உங்கள் காரின் வெள்ளைக்கும் இடையே தும்பைப் பூவுக்கும் தேங்காய்ப் பாலுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும். பெரும்பாலான ரின்களில் இருப்பது ஹார்ட்னர் என்கிற இறுக்கும் திரவம் சேராத பெயின்ற். அது காயும், ஆனால் இறுகாது. தின்னர் பட்டால் திரும்ப இளகும். ஹார்ட்னர் சேர்த்து அடிக்கிற டூ-கே ரின்களும் உண்டு, அவை உறுதியானவை. ஆனால் அவற்றின் புகையில் நுரையீரலைக் கெடுக்கிற ஐசோசயனேற் இருக்கிறது. சாதாரண மாஸ்க் அதற்குக் காணாது, பிள்ளைகள் நிற்கிற முற்றத்தில் அடிக்கிற சாமானே அல்ல. என் பார்வையில் ஸ்பிறே ரின்னுக்குச் சரியான இடம் கண்ணுக்குத் தெரியாத பகுதிதான்: மட்காட்டின் உள்விளிம்பு, கதவுக்குக் கீழே ஓடுகிற வாசற்படித் தகட்டின் கீழ்ப்பக்கம், கதவின் அடி. அங்கே நிறம் பொருந்தாவிட்டால் யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?

இனி டச்-அப் போத்தல். கையடக்கமான நகப்பூச்சுப் போத்தல் மாதிரித்தான் இருக்கும். ஆனால் உள்ளே இருப்பது உங்கள் காரின் நிறக்குறியீட்டுக்குக் கலந்தது. டொயோட்டா என்றால் பெரும்பாலும் ட்றைவர் கதவைத் திறந்ததும் தூணில் ஒரு தகடு இருக்கும், அதில் நிறக்குறியீடு உண்டு. என்னுடையது 040, வெறும் வெள்ளை. இதில் நான் அதிர்ஷ்டக்காரன், ஒரே பூச்சில் பொருந்திவிடும். 070 போன்ற முத்து வெள்ளை என்றால் அடியில் ஒரு வெள்ளை, மேலே முத்துப் படை, அதற்கு மேல் கிளியர். வெள்ளியும் அப்படித்தான் படுத்தும், பிறஷால் தொட்டால் உள்ளிருக்கும் அலுமினியத் தூள் வேறு திசையில் படுத்துக் கறுப்புப் புள்ளியாய்த் தெரியும். அதை ஏற்றுக்கொள்ளுங்கள். நிறம் நூறு வீதம் பொருந்தவேண்டும் என்று அடம்பிடித்து மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதால்தான் இந்த வேலையில் அதிக தகரம் பாழாகிறது.

போத்தலின் பலவீனம் அதோடு வருகிற பிறஷ். உளுந்துக்கு அது விளக்குமாறு. நான் தென்னோலை ஈர்க்கு ஒன்றை பேனாக் கத்தியால் கூராக்கி வைத்திருக்கிறேன். முதலில் மழை நீராலோ குடிக்கிற தண்ணீராலோ அந்த இடத்தைக் கழுவி உப்பை எடுக்க வேண்டும். பிறகு கத்தி முனையால் புள்ளியின் ஓரத்தில் கிளம்பி நிற்கிற பெயின்ற்றைச் சுரண்டி விட வேண்டும். மனம் பதறும், புள்ளி பெரிதாகும், ஆனாலும் ஒட்டாத பெயின்ற்றுக்கு மேல் எதைப் பூசினாலும் ஒட்டாது. கறள் தொடங்கியிருந்தால், பென்சிலின் றப்பர் முனையில் வோட்டர் பேப்பர் (தண்ணீரோடு தேய்க்கிற மணல் தாள்) துண்டொன்று ஒட்டிச் சுழற்றினால் புள்ளிக்கு வெளியே கீறாமல் இரும்பு வெள்ளையாக வரும். பாமசியில் வாங்கிய சேர்ஜிக்கல் ஸ்பிறிற்றால் துடைத்து, அது பறந்த பிறகு ஈர்க்கு முனையில் எபொக்ஸி பிரைமர் ஒரு பொட்டு. கறளைத் தடுப்பது இந்தப் பொட்டுத்தான். மேலே வருகிற நிறம் அதற்குச் சட்டை.

பிரைமர் காய்ந்ததும் நிறம். ஒரேயடியாகக் குளம் கட்டக்கூடாது. மெல்லிசாக ஒரு பொட்டு வைத்தால் காயும்போது அது உள்ளே இறங்கும். மணித்தியாலக் கணக்கில் இடைவெளி விட்டு இன்னொன்று, இன்னொன்று. மூன்று நாலு தடவையில் புள்ளி சுற்றுப் பெயின்ற்றின் மட்டத்துக்கு வந்துவிடும். கிளியர் உள்ள கார் என்றால் கடைசியில் அதிலும் ஒரு பொட்டு. அப்படியே விட்டாலும் கறள் வராது. மட்டப்படுத்த ஆசை என்றால் ஒரு கிழமையாவது பொறுத்து, 2000 வோட்டர் பேப்பரைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துத் தடவி, கட்டிங் பொலிஷ் போடலாம். மத்தியான வெயிலில் இதைச் செய்யாதீர்கள், சூட்டில் மேல்தோல் மட்டும் காயும். மாரியில் செய்தால் ஈரக் காற்றுப் பட்டுப் பால் நிறமாய் மங்கலாம். காலை எட்டு மணி, நிழல், வேப்பமரத்துக்குக் கீழே அல்ல, பூவும் காகமும் விடாது, ஒரு கொட்டிலுக்குள். இதற்கு ஆகிற மொத்தச் செலவு ஒரு ஒயில் சேர்விஸ் காசுக்குள் அடங்கும். போத்தல் இருபது புள்ளிக்குக் காணும்.

சூடுபட்டேன் என்றேன் அல்லவா, அது கராஜில். முந்திய காரில் பின் மட்காட் வளைவில் பெயின்ற் பொக்களித்திருந்தது. பக்கத்து நகரத்துக் கராஜ் ஒன்றில் காட்டினேன். டிங்கர் வேலை செய்யிற தம்பி விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணை, இதுக்கு லேசாப் பட்டி போட்டு இழுத்து விட்டாச் சரி. ஒருத்தருக்கும் தெரியாது" என்றார். பட்டி என்பது பள்ளத்தை நிரப்பி இறுகுகிற பசை. உண்மைதான், ஒருவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஆவணியில் அடித்தது, கண்ணாடி மாதிரி மினுங்கியது. தை பிறக்க முதல் அதே இடத்தில் திரும்பப் பொக்களம். கை வைத்து அமத்தினால் பட்டி கட்டியாய் வந்தது, பின்னால் கபிலத் தூள், தூளுக்குப் பின்னால் ரயர் தெரிந்தது. கறளை எடுக்காமல் மேலே பட்டி பூசியிருக்கிறார்கள். பட்டி ஈரத்தைக் குடிக்கிற சாமான், நேரே கறளில் பூசினால் நனைந்த துணியைக் கட்டிவிட்ட மாதிரி.

அதற்காகக் கராஜ் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பொக்களம் வந்துவிட்ட இடத்துக்கும் விரல் நகத்தை விடப் பெரிய காயத்துக்கும் போத்தல் விளையாட்டுப் பொருள். அங்கே கிறைண்டர் பிடித்து இரும்பு வெளிக்கும்வரை எடுக்கத்தான் வேண்டும், ஓட்டை விழுந்தால் வெட்டித் தகடு வைத்து வெல்ட் பண்ணத்தான் வேண்டும். இப்போது நான் ஒரே ஒரு நிபந்தனை வைக்கிறேன்: பிரைமர் அடிக்க முதல் வெறும் இரும்பைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். நல்ல வேலைக்காரர் இதற்குக் கோவிப்பதில்லை. கறள் மாற்றுகிற அமிலத் திரவம் பூசுகிறோம் என்றால், அதைச் சரியாகக் கழுவித் துடைத்தார்களா என்றும் கேளுங்கள். அமிலம் மிஞ்சிய இரும்பில் எபொக்ஸி ஒழுங்காக இறுகாது. ஆனால் ஒரேயொரு உளுந்துப் புள்ளிக்காகப் பொனற் முழுக்க அடிக்கச் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். நல்ல தொழிற்சாலைப் பெயின்ற்றைச் சுரண்டி எறிந்துவிட்டு, தூசி பறக்கிற கொட்டிலில் அடித்ததை வாங்கி வருவது நட்டம். பிறகு விற்கிறபோது வாங்க வருகிறவரும் "எங்க அடிபட்டது?" என்றுதான் முதலில் கேட்பார்.

என்னைக் கேட்டால் புள்ளியின் அளவை விட அது விழுந்த இடமே தீர்மானிக்க வேண்டும். பொனற்றிலும் ரூஃப்பின் முன் விளிம்பிலும் போத்தல். அவை மழை நின்றதும் காய்கிற இடங்கள், கொஞ்சம் தாமதித்தாலும் மன்னிக்கும். மட்காட் வளைவு, சில்லுக்குப் பின்னால் கல் தெறிக்கிற இடம், கதவின் அடி ஆகியவை மன்னிக்காது. மாரிச் சேறு அப்பிக் கிழமைக்கணக்கில் ஈரமாகவே நிற்கும். அங்கே சேற்றைக் கழுவி, கறளை எடுத்து, பிரைமர் அடித்து, மேலே ஸ்பிறே. கதவின் அடியில் தண்ணீர் வடிகிற சின்ன ஓட்டைகளில் வேப்பஞ் சருகு அடைத்திருந்தால் ஈர்க்கால் குத்தி விடுங்கள். மட் ஃபிளாப் இல்லாத காருக்கு நாலு மட் ஃபிளாப் போடுவது இந்த நாலு வைத்தியத்தையும் விட மலிவு.

அடிப்பக்கத்துக்குக் கழித்த எஞ்சின் ஒயிலை டீசலோடு கலந்து அடிக்கிற பழக்கம் எங்களிடம் இன்னும் உண்டு. கறளைக் கொஞ்சம் தள்ளிப்போடும் என்பது மெய். ஆனால் அடியில் உள்ள றப்பர் புஷ்களை ஊதவைக்கும், முற்றத்து மண்ணில் சொட்டும், அந்த மண்ணுக்குக் கீழேதான் எங்கள் கிணறும் இருக்கிறது. நான் விட்டுவிட்டேன்.

டச்-அப் போத்தலைக் காருக்குள் வைக்காதீர்கள். வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்ட் பெட்டிக்குள் என் முதல் போத்தல் இரண்டு மாதத்தில் கட்டியாகிவிட்டது. இப்போதையது குசினியில் மண்பானைக்குப் பக்கத்துத் தட்டில், மூடியை இறுக்கி, ஈர்க்கையும் றப்பர் பாண்ட் போட்டுச் சேர்த்துக் கட்டி நிற்கிறது.