காரைக்குடியில் பேலியோவும் பளுவும்: இரண்டு வருடம் கழித்து

பேலியோ என்று நம் பக்கம் சொல்கிற குறைமாவு, நிறைகொழுப்பு உணவில் இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கிறேன். கூடவே ஜிம்மில் பளு தூக்குகிறேன். 84 கிலோ இருந்த எடை இப்போது 73. பளுவைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் 50 கிலோவுக்கே திணறிய கால்கள் 95 கிலோவோடு ஐந்து முறை எழுகின்றன. இந்த உணவுமுறை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கொழுப்பைத் தின்றால் தசை ஏறும் என்று நம்பி யாரும் இறங்க வேண்டாம். தசையைக் கட்டியது புரதமும் பளுவும்தான். கொழுப்பு எனக்குச் செய்த உதவி பசியை அடக்கியது. காலையில் சாப்பிட்டால் மத்தியானம் வரை வயிறு கேட்பதில்லை.

முதல் வாரம் சட்டென்று இறங்கும் எடையைப் பார்த்துக் குதிக்காதீர்கள், அதில் பெரும்பகுதி தண்ணீர். தசையிலும் ஈரலிலும் சேமிப்பாக இருக்கும் மாவுச்சத்தான கிளைகோஜன், ஒரு கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது தீரும்போது தண்ணீரும் போகும், உப்பும் போகும். தலைவலியும் கிறுகிறுப்பும் அதனால்தான். உப்புத் தூக்கலாக வைத்த ஆட்டுக்கால் சூப் குடித்ததும் எனக்குச் சரியானது.

செட்டிநாட்டுச் சமையல் இதற்கு நன்றாகவே ஒத்துவரும். எங்கள் வீட்டில் அடிக்கடி செய்வது உப்புக்கறி. இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் விதை உதிர்த்த வரமிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம், அப்புறம் கறி, கல்லுப்பு. மசாலாப் பொடி எதுவும் வேண்டாம். கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடிவைத்தால் கறி தன் கொழுப்பிலேயே வெந்து, கடைசியில் எண்ணெய் பிரிந்து ஓரம் முறுகும். சின்ன வெங்காயத்தை மட்டும் பாதியாகக் குறைத்திருக்கிறேன், அதிலும் மாவுச்சத்து உண்டு. மிளகு வறுவலும் சுக்காவும் இதே வகைதான். கவனிக்க வேண்டியது கோலா உருண்டையை. அதைப் பிடித்து நிறுத்துவதே பொட்டுக்கடலை மாவு. கடைக் குழம்புகளிலும் கெட்டிக்காக எதையாவது அரைத்து ஊற்றுகிறார்கள்.

“கவுனி அரிசி சத்துதானே, அதையாவது சாப்பிடப்பா” என்று கல்யாண வீட்டில் அத்தைமார் கேட்காத நாளில்லை. சத்து இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அரிசி அரிசிதான், சர்க்கரையும் தேங்காயும் போட்டுக் கிண்டியபின் கேட்கவே வேண்டாம்.

புரதக் கணக்கைத்தான் பலர் விடுகிறார்கள். பளு தூக்குபவருக்கு உடல் எடையில் கிலோவுக்குத் தினம் 1.6 கிராம் அளவு தேவை. எனக்கு அது 117 கிராம் வருகிறது. ஒரு முட்டையில் 6 கிராம்தான், நாலு முட்டையும் தாராளமாக வெண்ணெயும் போட்டுவிட்டுக் கணக்கு முடிந்தது என்று எழுந்துவிட முடியாது. கோழியும் மீனும் பனீரும் சேர்ந்தால்தான் எட்டும். கொழுப்புக்கும் கணக்கு உண்டு, கிராமுக்கு 9 கலோரி. நடுவில் எடை அசையாமல் நின்றபோது வெண்ணெய் டீயையும் மேலே ஊற்றும் நெய்யையும் நிறுத்தினேன், மறுபடி இறங்கத் தொடங்கியது.

ஜிம்மில் ஒரு குறை நிஜமாகவே உண்டு. ஐந்து முறை தூக்கும் கனமான செட்டுகள் பாதிக்கவில்லை. பன்னிரண்டு, பதினைந்து என்று போகும்போது பாதியிலேயே தசை எரிந்து நின்றுவிடும், கிளைகோஜன் குறைவாக இருப்பதன் விளைவு அது. எடை வேண்டிய அளவு குறைந்தபின், கால் பயிற்சி நாளில் மட்டும் ஒரு கப் சோறு சேர்த்தேன். தொடை கனத்தது அதற்குப் பிறகுதான். தசை மட்டுமே குறி என்பவர்களுக்கு இவ்வளவு கடுமையாகச் சோற்றை விலக்கச் சொல்ல மாட்டேன். தொப்பை குறையணும், இருக்கிற தசை போகக் கூடாது என்பவர்களுக்கு இது அருமையான வழி.

ரத்தப் பரிசோதனையில் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 210-லிருந்து 95-க்கு வந்தது. கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்.டி.எல். ஏறியது. மருத்துவர் சொன்னபடி நெய்யைக் குறைத்து மீனைக் கூட்டினேன், ஓரளவு இறங்கியிருக்கிறது. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கவே கூடாது. மாவுச்சத்தைக் குறைத்துவிட்டு மருந்தின் அளவை மாற்றாமல் விட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.

செலவு கூடும். ஆட்டுக்கறி விலையில் தினமும் முடியாது. எங்கள் வீட்டில் ஞாயிறு மட்டும் கறி, மற்ற நாளில் முட்டை, கோழி, பிறகு தொண்டிப் பக்கமிருந்து வரும் மத்தி.