ரெவிட் மாடலுக்கு 22,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன், மூலையைப் பார்த்துட்டு பணம் கொடுங்க

கடை பேர் போடல. வடசென்னையில வீட்டு பிளான் போட்டுத் தர்ற ஒரு டிராஃப்டிங் கடை. திருவொற்றியூர் சைட், தரைக்கு மேல ரெண்டு மாடி, ரெவிட் (கட்டடத்தை கம்ப்யூட்டர்ல 3டி-யா வரையுற சாஃப்ட்வேர்) மாடலும், அதுல இருந்து எடுக்கிற செங்கல் கணக்கும் சேர்த்து 22,000.

போன வெள்ளிக்கிழமை பிளானை பிரிண்ட் எடுத்து மேஜையில விரிச்சாங்க. சுவரெல்லாம் கருகருன்னு, ஒரு பிசிறு இல்ல. "சார், ஒவ்வொரு ஜாயின்ட்டும் நானே பார்த்தேன்"னு அந்தப் பையன் மூலைமேல விரல் வெச்சு சொன்னான். அந்த விரலை நம்பித்தான் மீதிப் பணத்தை அங்கேயே ஜிபே பண்ணேன்.

அந்தக் கருப்புலதான் ஏமாத்து வேலையே. ரெவிட்ல வியூவை கோர்ஸ்ல (விவரம் குறைச்சுக் காட்டுற செட்டிங்) வெச்சு சாலிட் ஃபில் (சுவர் முழுக்க ஒரே கலர்) கொடுத்தா உள்ள இருக்கிறது எதுவும் தெரியாது. ஃபைலைத் திறந்து ஃபைனுக்கு (முழு விவரமும் காட்டுற செட்டிங்) மாத்தினதும் பார்த்தா, 230 மி.மீ. வெளிச்சுவர் ரெண்டும் மூலையில சேரல, ஒண்ணுமேல ஒண்ணு ஏறி நிக்குது. சுவர் முனை நீலப் புள்ளியில ரைட் கிளிக் பண்ணா 'அலவ் ஜாயின்'னு (சேர விடு) வருது. அப்போ சுவர் சேராதபடி டிஸ்அலவ் பண்ணி வெச்சிருக்காங்கன்னுதானே அர்த்தம்? 41 மூலை, 41லயும் இதே கதி! 3 மீட்டர் உயரத்துக்கு 0.23 × 0.23 × 3, மூலைக்கு 0.16 கன மீட்டர் ரெண்டு தடவை கணக்குல ஏறுது. மொத்தம் ஆறரை கன மீட்டர், சைட்ல இல்லாத செங்கல்.

சுவரோட ஒவ்வொரு லேயருக்கும் ரெவிட்ல ஒரு முன்னுரிமை எண் உண்டு, 1தான் முதல்ல; செங்கலுக்குக் கொடுக்கிற ஸ்ட்ரக்சர் 1-ஐ பூச்சு லேயருக்கும் கொடுத்திருக்காங்க. ஃபினிஷ் 4 அல்லது 5 கொடுத்திருந்தா 115 மி.மீ. குறுக்குச் சுவரோட செங்கல் பூச்சை வெட்டிக்கிட்டுப் போய் பெரிய சுவரோட செங்கல்ல சேரும். இப்போ பூச்சுலயே முட்டி நிக்குது.

சுவர் ஏறி நிக்கிறதுக்கு ரெவிட் காட்டுற வார்னிங் பத்தி போன் பண்ணா, "வார்னிங் எல்லாருக்கும் வரும் சார்." மறுநாள், "பையன் லீவு." அப்புறம், "உங்க வெர்ஷன் வேற." இப்போ வாட்ஸ்அப்ல ரெண்டு நீல டிக், பதில் இல்ல. 22,000 ரூபாய்ங்க!

டிப்ஸ் நிறைய எழுதணும்னு நெனச்சேன், இப்போ முடியல. பிடிஎஃப் பார்த்து பணம் கொடுக்காதீங்க, ஃபைலைத் திறந்து ஃபைன்ல பாருங்க. மேனேஜ் டேப்ல வார்னிங்ஸ் திறந்து சுவர் ஓவர்லாப் இருக்கான்னு பாருங்க. மாடிஃபை டேப்ல வால் ஜாயின்ஸ் எடுத்து நாலு மூலையாவது அவங்க கண்ணு முன்னாடியே கிளிக் பண்ணுங்க, பட், மைட்டர், ஸ்கொயர் ஆஃப்னு மூலை சேர்ற விதத்தை மாத்த முடியுதான்னு தெரிஞ்சுடும். சரி பண்ணும்போது அலவ் ஜாயின் மட்டும் கொடுத்து விட்டுடாதீங்க, நீண்டு நிக்கிற முனையை டிரிம் பண்ணி மூலைக்குக் கொண்டு வரணும்.