விண்டோஸ் 11-க்கு ஏற்றலாமா? ஃபாண்ட்டை எடுத்து வைத்துவிட்டுக் கேளுங்கள்

தேவகோட்டை நண்பர் ஒருவர் கேட்டார்: "வீட்டு கம்ப்யூட்டரை 11-க்கு ஏத்திடலாமாண்ணே, இல்ல 10-லயே விட்டுடலாமா?" அவருடைய ப்ராசஸர் ஐ5-7400. இங்கே காரைக்குடியில் ஒன்றரை வருஷமாக 11 ஓடுவது ஐ3-8100, 8 ஜிபி ரேம், 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி. இரண்டிலும் நாலு கோர்தான், வேகத்திலும் சொல்லும்படி வித்தியாசமில்லை. ஆனால் எட்டாம் தலைமுறை என்பதால் ஐ3-க்கு அனுமதி, ஏழாம் தலைமுறை என்பதால் ஐ5-க்குக் கதவடைப்பு. 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி அந்த ஐ5-லும் உண்டு, பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பில்) பிடிடி என்ற பெயரில். ஓடக்கூடிய மெஷினைத் தலைமுறை பார்த்து ஒதுக்கியது அநியாயம்தான்.

11 கெட்ட பொருள் என்று சொல்ல முடியாது. இத்தனை நாளில் ஒருமுறைகூட நீலத்திரை வந்ததில்லை. யுனிகோடு தமிழ் வேர்டிலும் எக்ஸெலிலும் பிரவுசரிலும் பிசகில்லாமல் வருகிறது. தமிழ்99, அஞ்சல் விசைகள் 10-ல் இருந்தபடியே இருக்கின்றன. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் டேப் வந்தது பெரிய உபகாரம்: பென்டிரைவ் ஒரு டேபில், டி டிரைவ் இன்னொன்றில். டாஸ்க்பார் 40 பிக்ஸலிலிருந்து 48 ஆனதால் 1366×768 மானிட்டரில் எக்ஸெல் பக்கம் கொஞ்சம் குறுகுகிறது, அது பழகிவிடும்.

பழகாதது எழுத்துரு விஷயம். நம் ஊர்ப்பக்க வீடுகளின் கம்ப்யூட்டரில் என்ன இருக்கும்? மொய்ச் சிட்டை, கல்யாணச் சாமான் பட்டியல், கோயிலைச் சேர்ந்த குடும்பங்களின் புள்ளிக் கணக்கு. பத்துப் பதினைந்து வருஷமாகச் சேர்ந்த கோப்புகள், பாதி பாமினி ஃபாண்ட்டில், பாதி லதா ஃபாண்ட்டில். போன மாதம் எஸ்எஸ்டி மாற்றக் கொடுத்தபோது கடையில் ஃபார்மட் அடித்துப் புதிதாக 11 போட்டுத் தந்தார்கள். கோப்புகளெல்லாம் பத்திரமாகத் திரும்பின. படிக்கத்தான் முடியவில்லை.

பாமினி யுனிகோடு கிடையாது. ஆங்கில எழுத்துக்குரிய இடங்களில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்த ஃபாண்ட் அது. ஃபாண்ட் இல்லையென்றால் "அம்மா" என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று திரையில் நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று பதறி யாரும் அழித்துவிடக் கூடாது; ஃபாண்ட்டைப் போட்டதும் தமிழ் வந்துவிடும்.

லதா கதை வேறு. அது யுனிகோடு, ஆகவே எழுத்து தெரியும், ஆனால் லதா இல்லையென்றால் விண்டோஸோடு வரும் நிர்மலா யுஐ ஃபாண்ட் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டுக்கும் எழுத்தின் அகலம் வேறு. நாலைந்து தலைமுறை முதலெழுத்துகள் அடுக்கிய விலாசம் ஒரே கட்டத்துக்குள் அடங்கி நின்ற பட்டியலில், கடைசி எழுத்து கீழ்வரிக்கு இறங்கும். 40 பெயர் கொண்ட பக்கம் ஒன்றரைப் பக்கமாகும். தொகை ஒரு வரி தள்ளி நிற்பதுபோலத் தோன்றும். விண்டோஸ் 10-லிருந்தே லதாவும் விஜயாவும் கூடுதல் வசதியாகப் பிரித்து வைக்கப்பட்டவை. செட்டிங்ஸ் தேடலில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் என்று தேடி, தமிழ் சப்ளிமென்டல் ஃபாண்ட்ஸைச் சேர்த்தால் திரும்பிவிடும். நெட் வேண்டும்.

பாமினி வகைகளை மைக்ரோசாஃப்ட் தராது, நாம்தான் எடுத்து வைக்க வேண்டும். இதில் ஒரு கண்ணி உண்டு. சி டிரைவின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸை மட்டும் நகல் எடுத்தால் போதாது. 2018-க்குப் பிந்தைய விண்டோஸ் 10 பதிப்புகளில் இரட்டைக் கிளிக் செய்து போட்ட ஃபாண்ட், அந்தப் பயனரின் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபாண்ட்ஸ் என்ற வழியில் தனியாக உட்கார்ந்திருக்கும். இரண்டையும் எடுங்கள். டைப்ரைட்டர் விசையில் அடிப்பவர்கள் அதற்கான மென்பொருளின் இன்ஸ்டாலரையும் சேர்த்து வைக்க வேண்டும்.

ஃபார்மட் அடிக்காமல், இருக்கிற 10-ன் மேலேயே இன்ஸ்டலேஷன் அசிஸ்டென்ட் கொண்டு ஏற்றினால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. முதல் தடவை அப்படித்தான் ஏற்றியது, ஒரு ஃபாண்ட்கூடப் போகவில்லை. பிடிக்காவிட்டால் 10 நாளுக்குள் பழைய 10-க்குத் திரும்பவும் செய்யலாம். இந்த வழியில் முட்டுக்கட்டை பெரும்பாலும் டிஸ்க்தான். 2018, 2019-ல் அசெம்பிள் செய்த பல மெஷின்கள் எம்பிஆர் என்ற பழைய டிஸ்க் பிரிப்பு முறையில் போடப்பட்டவை. 11-க்கு யுஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறை வேண்டும், அதற்கு ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறை வேண்டும். எம்பிஆர்2ஜிபிடி என்ற கட்டளை விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. முதலில் வேலிடேட் (சோதனை), அது சரியென்றால் கன்வர்ட் (மாற்றம்), அதன் பிறகே பயாஸில் லெகசி என்ற பழைய பூட் முறையை யுஇஎஃப்ஐ-க்கு மாற்றி பிடிடியை எனேபிள் செய்ய வேண்டும். வரிசை மாறினால் மெஷின் பூட் ஆகாது. சி, டி, இ, எஃப் என்று பிரித்து எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் இருந்தால் வேலிடேட்டே தோற்கும். அந்த டிரைவ்களில் இருப்பதை வெளியே எடுத்துவிட்டுப் பார்ட்டிஷனைக் கலைக்க வேண்டும். மாதாந்திர மின்தடை நாளில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக 11 போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் டிஸ்க் தானாகவே பூட்டுப் போட்டுக்கொள்ளும். சாவி 48 இலக்கம், அது நுழைந்தவரின் கணக்கில் இருக்கும். பையன் சிங்கப்பூரில் இருந்தால் சாவியும் அவன் கணக்கில். வருஷத்தில் பாதி நாள் மெயின் சுவிட்ச் அணைந்து கிடக்கும் மெஷினில் பயாஸ் அமைப்பைக் காக்கும் சிஆர்2032 என்ற வட்டப் பேட்டரி சீக்கிரம் தீரும். பயாஸ் பழைய நிலைக்குப் போய் பிடிடி அணைந்தால், விசேஷத்துக்கு வீட்டைத் திறந்த அன்று நீலப் பக்கத்தில் அந்த 48 இலக்கத்தைக் கேட்கும். சாவியை இன்றே தாளில் எழுதிப் பெட்டகத்தில் வையுங்கள், பேட்டரியையும் மாற்றிவிடுங்கள்.

நண்பருக்குப் பதில்: அந்த ஐ5-ஐ ஏற்ற வேண்டாம். ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸின் உள் அமைப்புப் பதிவேட்டை) மாற்றி ஏற்றும் வழி இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு வருஷப் பதிப்பையும் கையால்தான் ஏற்ற வேண்டியிருக்கும். 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. 22எச்2 பதிப்பில் இருந்தால் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே நீட்டிப்புக்குப் பதியலாம், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். செட்டிங்ஸ் பேக்கப்பை மைக்ரோசாஃப்ட் கணக்கில் வைத்தால் அந்த நீட்டிப்புக்கான 30 டாலரைக் கட்ட வேண்டியதில்லை. எட்டாம் தலைமுறைக்கும் இதையே சொல்வேன். 11 நன்றாக ஓடுகிறது என்று மேலே எழுதியது நிஜம். ஆனாலும் சிட்டைகளை யுனிகோடுக்கு மாற்றி முடிக்கும்வரை 10 இருக்கட்டும்.

மாற்றத் தொடங்கும் முன், இருக்கிற 10-லேயே ஒரு மொய்ப் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள். பிறகு 11-ல் அதே பக்கத்தை அச்செடுத்து, இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக முற்றத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். விலாசமும் தொகையும் வரிக்கு வரி பொருந்தினால் மட்டும் பழைய டிஸ்கில் கை வையுங்கள்.