தீயணைப்பான் பவுடர்: தண்ணீரா, துடைப்பமா, வேக்குவமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம், சாட்ஸ்வொர்த்தில் அண்ணி வீடு. வடைச் சட்டியில் தீப்பிடிக்க, பையன் கராஜிலிருந்த இரண்டரைக் கிலோ தீயணைப்பானை எடுத்து அடித்துவிட்டான். தீ உடனே அடங்கியது. சமையலறைதான் மாவு மில் மாதிரி ஆகிவிட்டது. "ரெண்டு வாளி தண்ணி ஊத்திக் கழுவிடலாம் தம்பி" என்றார் அண்ணி. நான் வேக்குவம் கிளீனரைத் தூக்கிக்கொண்டு வந்தேன். இரண்டுமே தப்பு.

முதலில் தண்ணீர். பவுடர் வகையைத் தீயணைப்பான் லேபிளே சொல்லும். அதில் ஏபிசி (ABC) என்றிருந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் மோனோ அம்மோனியம் பாஸ்பேட். ஈரம் பட்டால் அது லேசான அமிலக் கூழாகி டைல்ஸ் இடுக்கிலும் அடுப்பின் திருகிலும் போய் உட்கார்ந்து உலோகத்தை அரிக்கும். டர்பன் கடற்காற்றில் நாம் தண்ணீர் ஊற்றவே வேண்டாம், பவுடர் தானே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இரண்டு நாள் கவனிக்காமல் விட்ட குத்துவிளக்கில் பச்சைப் புள்ளி வந்தது அப்படித்தான்.

சாதாரண வேக்குவமும் உதவாது. பவுடர் அவ்வளவு நைசு. பைக்குள் நிற்காமல் பின்பக்கமாக வெளியே வரும், மோட்டாருக்குள்ளும் புகும். நுண்ணிய தூசியையும் பிடித்துவைக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள வேக்குவம் கிடைத்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். இல்லையென்றால் மாஸ்க் போட்டுக்கொண்டு, மின்விசிறியை அணைத்துவிட்டு, மெல்லிய பிரஷ்ஷால் முறத்தில் கூட்டி அள்ளுவதுதான் நல்லது. மெதுவான வேலை, ஆனால் என் ஓட்டு இதற்கே.

பவுடரை அள்ளிய பிறகுதான் ஈரத்துணி. அதிலும் ஒரு சண்டை உண்டு: வினிகரா, சமையல் சோடாவா? எல்லாவற்றுக்கும் வினிகர் என்று சொல்கிறவர்கள் நிறைய. ஏபிசி பவுடரே அமிலம், அதன் மேல் இன்னொரு அமிலம் எதற்கு? அதற்குச் சோடா கரைத்த வெந்நீர்தான் சரி. லேபிளில் பிசி (BC) என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பதே சோடியம் அல்லது பொட்டாசியம் பைகார்பனேட், அதாவது அமிலத்துக்கு எதிரான காரம். வினிகர் கலந்த தண்ணீருக்கு வேலை அங்கேதான். சூட்டில் உருகி அடுப்பில் ஒட்டிய ஏபிசி இரண்டுக்கும் அசையாது. அடுப்பு நன்றாக ஆறிய பிறகு, வெந்நீரும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் சரிபாதி கலந்து சில நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தால் பெயர்ந்து வரும். ஆல்கஹால் தீப்பிடிக்கும், பக்கத்தில் விளக்குக்கூட எரியக்கூடாது. திறந்து கிடந்த சாப்பாட்டைக் குப்பையில் போட்டுவிடுங்கள். பவுடர் புகுந்த மைக்ரோவேவை, உள்ளே சுத்தம் செய்யாமல் போட்டுப் பார்க்க வேண்டாம்.

சரி, பவுடரே வேண்டாமென்றால்? கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் ஒரு துளி மிச்சமும் வைக்காது. ஆனால் அது சீறுகிற வேகத்தில் எரியும் எண்ணெய் தெறிக்கும், அதனால் மின்சாரப் பெட்டிக்கே அது லாயக்கு. எண்ணெய்த் தீக்கென்றே வருவது வெட் கெமிக்கல் என்ற திரவத் தீயணைப்பான். எண்ணெயின் மேற்பரப்பைச் சோப்பாக மாற்றி மூடிவிடும். மிஞ்சும் வழவழப்பு, சோப்புத் தண்ணீரில் போய்விடும். கோயில் மண்டபச் சமையலறை மாதிரி பெரிய சட்டி வைக்கும் இடத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன். வீட்டுக்கு, எரியும் சட்டியை மூடி அணைக்கிற ஒரு தீப்போர்வை போதும், துடைக்கவும் எதுவும் இருக்காது. அண்ணி வீட்டில் இப்போது சமையலறைக் கதவோரம் ஒன்று தொங்குகிறது.

பழைய தீயணைப்பானில் பாதி மிச்சம் இருக்கிறதே என்று அண்ணன் அதைத் திரும்ப கராஜில் மாட்டப் போனார். ஒரு நொடி அடித்திருந்தாலும் வால்வில் பவுடர் சிக்கி அழுத்தம் மெல்லக் கசிந்துவிடும். மறுநாளே நிரப்பக் கொடுத்தோம்.